குழம்பிப்போன கலியாணம்: கோட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

கொக்குவிலில் இருந்து ஒரு தமையன் கேட்டிருக்கிறார். தங்கைக்கு ரொறன்ரோ மாப்பிள்ளை பேசி, ஆவணியில் மோதிரம் மாற்றி நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுடைய வங்கிக் கணக்குக்கு 20 இலட்சம் டொனேஷன், அதாவது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் காசு, போனது. மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைச்சங்கிலியும் போட்டார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று, தாயின் பெயரில் இருந்த வீட்டையும் சீதனமாக எழுதியாயிற்று. தையில் கலியாணம் என்றிருக்க, கார்த்திகையில் ஒரு போன்: "சரிவராது, விட்டுவிடுங்கோ." மானநட்ட வழக்குப் போடலாமா, பொலிஸுக்குப் போகலாமா, கொடுத்ததை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. "பதிவு அலுவலும் பார்த்தாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன அலுவல் என்று முதலில் தெளிவாகக் கேட்டறியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். விவாகப் பதிவாளரிடம் போய் அறிவித்தல் மட்டும் கொடுத்திருந்தால் உங்கள் தங்கை இன்னும் மணமாகாதவர். மூன்று மாதத்துக்குள் கலியாணம் பதியப்படாவிட்டால் அந்த அறிவித்தல் தானாகச் செல்லாமற் போய்விடும், அதை இரத்துச் செய்ய யாரும் அலைய வேண்டியதில்லை. ஆனால் இருவரும் பதிவாளர் முன் நின்று, சாட்சிகளோடு பதிவேட்டில் கையெழுத்து வைத்திருந்தால், அதாவது "எழுத்து" முடிந்திருந்தால், குழம்பியது நிச்சயதார்த்தம் அல்ல. அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி.

இங்கே பல குடும்பங்கள் இதில்தான் சறுக்குகின்றன. கனடா தன் குடிவரவுச் சட்டத்தில் நிச்சயிக்கப்பட்டவர் என்ற வகையை 2002-இல் எடுத்துவிட்டது. ஸ்பொன்சர் பண்ணுவதற்கு விவாகச் சான்றிதழ் வேண்டும். அதனால் மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வந்து எழுத்தை வைத்துவிட்டுப் போவார். தாலி கட்டு பிறகு, விசா சரிவந்த பிறகு. ஊரின் கண்ணுக்கு அது நிச்சயம், சட்டத்தின் கண்ணுக்கு அது கலியாணம். தாலி ஏறவில்லை, ஒரு நாளும் சேர்ந்து வாழவில்லை என்பதால் பதிவு இல்லாமற் போகாது.

அப்படியிருந்தால் ஒரே வழி மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து. எங்கள் சட்டத்தில் இருவரும் மனமொத்துக் கேட்டால் பிரித்துவிடும் ஏற்பாடு கிடையாது. பிறர்மனை உறவு, வன்மத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறை போன்ற இயலாமை, இந்த மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். எழுத்து முடிந்த பிறகு சேர்ந்து வாழ மறுக்கிறவர்மீது வழக்கமாகக் கைவிட்டுப் போனதாகவே வழக்கு வைக்கப்படும். மற்றப் பக்கம் எதிர்வாதம் செய்யாவிட்டால் விரைவாக முடியும். அப்போதும் முதலில் இடைக்காலத் தீர்ப்பு வந்து, குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் அது முடிந்த தீர்ப்பாகும். அதற்கு முன் வேறு இடம் பேசி எழுத்து வைத்தால் அந்த இரண்டாவது கலியாணம் செல்லாது, இருதார மணக் குற்றமும் ஆகும்.

யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்துமென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1911-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டப்படி மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். ரொறன்ரோவில் இருந்து போனையே எடுக்காத மனிதரின் கையெழுத்து, உங்கள் அம்மா எழுதிக் கொடுத்த வீட்டுக்குத் தேவைப்படும். கணவன் கைவிட்டுப் போயிருந்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அதுவும் ஒரு வழக்கு, ஒரு செலவு. எழுத்துக்குப் பிறகு தங்கை தன் உழைப்பில் காணி வாங்கினால் அது தேடியதேட்டமா, அதாவது மணக்காலத்தில் தேடிய சொத்தா, என்ற கேள்வியும் எழும். ஆகவே எழுத்து முடிந்திருந்தால் மானநட்டம், டொனேஷன் எல்லாவற்றுக்கும் முன்னால் விவாகரத்து மனுவைப் போடுங்கள்.

சரி, வெறும் அறிவித்தல்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

கலியாணம் செய் என்று எந்த நீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்தாது. 1907-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது. அதே பிரிவு, வாக்கு மீறியதற்கு நட்டஈடு கேட்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டு உடனே பாதி சாத்தியும் விடுகிறது: கலியாணம் செய்வதாகக் கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்த வழக்கு நிற்கும். ஊரறிய மோதிரம் மாற்றியது, ஐயர் நாள் பார்த்தது, முந்நூறு பேர் சாப்பிட்டது, வீடியோ எடுத்தது, இவை எதுவும் எழுத்து ஆகாது. நிச்சய வீடியோவை எவ்வளவு பெரிய திரையில் போட்டுக் காட்டினாலும் இந்தக் குறையை நிரப்ப முடியாது.

யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசுகிற விதத்தைப் பார்த்தால் இது ஏன் இவ்வளவு பெரிய தடை என்று விளங்கும். பேச்சுக்காலில் ஒரு மாமா கொப்பி ஒன்றின் நடுத்தாளைக் கிழித்து எழுதுவார்: வீடு, காணி இரண்டு பரப்பு, நகை 40 பவுண், டொனேஷன் இவ்வளவு, மண்டபச் செலவு பாதிப் பாதி. சீதனத்தைப் பற்றி எல்லாம் அதில் இருக்கும். "இன்னாரை மணம் முடிக்கிறேன்" என்று மாப்பிள்ளை எழுதிய ஒரு வரி இருக்காது, அவருடைய கையெழுத்தும் இருக்காது. பெற்றோர் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்த எழுத்து வாக்கு ஆகிவிடாது. சட்டம் கேட்பது, வழக்கில் எதிராளியாக நிற்கப்போகிறவரின் எழுத்தைத்தான்.

ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிச்சயத்துக்கும் கலியாணத்துக்கும் இடையில் இரவு பகலாக எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள், போனில். 2006-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒன்று மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை எழுத்தல்ல என்று தள்ளக்கூடாது என்கிறது. அதை வைத்து வட்ஸ்அப் செய்தியும் எழுத்துத்தான் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. எந்தச் செய்தி என்பதுதான் கேள்வி. "நீ இல்லாட்டி நான் இல்லை" என்று ஆயிரம் தடவை அனுப்பியிருந்தாலும் அது அன்பு, வாக்கு அல்ல. காதற் கடித வழக்குகளில் நீதிமன்றங்கள் தேடியது, மணப்பேன் என்ற வாக்கு அந்த எழுத்தில் இருக்கிறதா, அல்லது வாயால் முன்பே கொடுத்த வாக்கை அந்த எழுத்து உறுதிப்படுத்துகிறதா என்பதைத்தான். "தை 20 எண்டு அம்மாவிட்டைச் சொல்லீட்டன், அண்டைக்கு உனக்குத் தாலி கட்டுறன், நீ யோசியாதை" என்று ஒரு செய்தி இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. அந்தச் செய்தி வந்த போனையே வைத்திருக்க வேண்டும், விற்கவோ ரீசெட் பண்ணவோ கூடாது. கோபத்தில் தங்கை சற் முழுவதையும் அழித்திருந்தால் உங்கள் நட்டஈட்டு வழக்கும் அதோடு அழிந்திருக்கலாம்.

அப்படி ஒரு எழுத்து இருக்கிறது என்று வைத்தால், கலியாணத்தை நம்பிச் செய்த செலவு, மனதுக்கும் மரியாதைக்கும் ஏற்பட்ட காயம் இரண்டுக்கும் நட்டஈடு கேட்கலாம். பெண்தான் கேட்கலாம் என்றில்லை, ஆணும் கேட்கலாம். எதிராளி "எனக்குத் தக்க காரணம் இருந்தது" என்று சொல்லித் தப்பப் பார்ப்பார். முந்திய கலியாணத்தை மறைத்தது, பாரதூரமான நோயை மறைத்தது, குற்ற வழக்கை மறைத்தது போன்றவை காரணமாக ஏற்கப்படக்கூடியவை. மனம் மாறிவிட்டது, இன்னும் நல்ல இடம் வந்தது, கேட்ட மேலதிக டொனேஷன் கிடைக்கவில்லை என்பவை காரணமாகா. உங்கள் விஷயத்தில் அவர்கள் காரணமே சொல்லவில்லை. நீங்கள் போய்க் காரணம் கேட்டுச் சண்டை பிடிக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் கேட்கக் கேட்கத்தான் அவர்கள் ஒன்றை உண்டாக்குவார்கள்.

இனி காசும் நகையும். என்னிடம் வருகிற குடும்பங்கள் முக்கால்வாசி நேரம் மானத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சட்டம் உங்களுக்கு உண்மையாகக் கை கொடுக்கிற இடம் இதுதான் என்று சொன்னால் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள். எழுத்து வேண்டும் என்ற தடை வாக்கு மீறியதற்கான நட்டஈட்டுக்கு உரியது. கலியாணம் நடக்கும் என்ற நோக்கத்துக்காகக் கொடுத்ததை, அந்த நோக்கம் நிறைவேறாதபடியால் திருப்பிக் கேட்பது வேறு கோரிக்கை. எங்கள் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்குத் தனி அடி உண்டு. கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்த பெறுமதியான பொருளை, காரணமில்லாமல் குழப்பியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருவரும் ஒத்துப் பிரிந்தால் இருபக்கமும் திருப்ப வேண்டும். பிறந்தநாளுக்குக் கொடுத்த உடுப்பு, பலகாரம், சின்னச் சின்ன அன்பளிப்பு இவற்றைக் கணக்குப் பார்க்க முடியாது.

உங்கள் 20 இலட்சத்தில் ஒரு நல்ல விஷயம், அது வங்கி மூலம் போயிருக்கிறது. எங்கள் பக்கத்தில் டொனேஷனைத் தட்டத்தில் பூவும் வெற்றிலையும் வைத்துக் காசாகக் கொடுக்கிறவர்கள்தான் கூட. பிறகு "எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை" என்று சொன்னால் சாட்சி தேடி அலைய வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். காசு போனது மாப்பிள்ளையின் கணக்குக்கு அல்ல, தகப்பனின் கணக்குக்கு. அவர் இங்கேதான் இருக்கிறார் என்றால், காசைத் திருப்பிக் கேட்கும் வழக்கில் எதிராளி அவர். ரொறன்ரோவுக்கு அழைப்பாணை அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் வசிக்கும் இடத்தைப் பார்த்து யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை என்று உரிய மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். அதேபோல் வழக்காளி யார் என்பதையும் கவனியுங்கள். காசு அப்பாவின் கணக்கிலிருந்து போயிருந்தால் கேட்க வேண்டியவர் அப்பா, தங்கை அல்ல. மண்டப அட்வான்ஸ் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருந்தால் மண்டபக்காரரோடு பேச வேண்டியவர் நீங்கள். கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே எழுத்தில் இரத்துச் செய்துவிட்டால் ஒரு பகுதியாவது திரும்பும், அதை மட்டும் இந்தக் கிழமையே செய்யுங்கள்.

நகைக்கு நகைக்கடைப் பில்லும் நிச்சயப் படமும் இருந்தால் போதும். அவர்கள் தங்கைக்குப் போட்ட சங்கிலியும் உங்களிடம் இருக்கும். குழப்பியவர்கள் அவர்கள் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஆனால் கணக்குத் தீர்க்கும்போது கையில் உள்ள ஒரு பிடியாக அதை வைத்திருங்கள். விற்கவும் வேண்டாம், கோபத்தில் கொண்டுபோய் வாசலில் எறியவும் வேண்டாம்.

வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். பெறுபவராகத் தங்கையின் பெயர் மட்டும் இருந்தால் வீடு எங்கும் போகவில்லை. இங்கே பெரும்பாலான சீதன உறுதிகள் அப்படித்தான், பெண்ணுக்கே எழுதப்படும். ஆனால் உறுதியின் வாசகத்தில் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரை மணப்பதை முன்னிட்டு என்று எழுதியிருந்தால் நாளைக்கு வேறு இடம் பேசும்போது உறுத்தும், பின்னால் வாங்குகிறவரும் கேள்வி கேட்பார். அம்மாவும் தங்கையும் அதே நொத்தாரிசிடம் போய் இரத்து உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிவித்துவிட்டால் சரி. மாப்பிள்ளையின் பெயரும் பெறுபவராக இருந்தால் நிலைமை வேறு. அவர் கையெழுத்திட்டுத் திருப்பி எழுத வேண்டும், மறுத்தால் கலியாணம் நடக்காதபடியால் உறுதி செல்லாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்புக் கேட்க வேண்டும். வாயால் சொன்ன வீடு, காணி எதுவும் யாரையும் கட்டாது. 1840-இன் 7-ஆம் இலக்கச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

பொலிஸைப் பற்றிக் கேட்டீர்கள். கலியாணம் குழம்பியது பொலிஸ் குற்றம் அல்ல. இந்திய யூரியூப் சட்டத்தரணிகளைப் பார்த்துவிட்டுச் சீதனத் தடைச் சட்டம் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. மணப்பதாக ஏமாற்றி உறவு கொண்டதைக் குற்றமாக்கும் இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் செல்லாது. முறைப்பாடு பொருந்துவது, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்: அங்கே ஏற்கெனவே மனைவி இருந்தது தெரியவந்தால், அல்லது இதே ஆள் இன்னொரு வீட்டிலும் இப்படிக் காசு வாங்கியிருந்தால். இல்லாவிட்டால் பொலிஸார் இரு பகுதியையும் கூப்பிட்டு விசாரித்து, "கோட்டில் பாருங்கோ" என்றுதான் அனுப்புவார்கள்.

தங்கையின் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டினால் அது வேறு கதை, உடனே முறைப்பாடு செய்யுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கமும் இருக்கிறது. வீட்டு வன்முறைத் தடைச் சட்டத்தின் பாதுகாப்புக் கட்டளையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கணவன் மனைவி, முன்னாள் துணை, சேர்ந்து வாழ்ந்தவர், உறவினர் என்றுதான் எண்ணுகிறது, நிச்சயிக்கப்பட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. "பெட்டைக்கு ஏதோ வருத்தமாம்" என்று ஊரில் கதை கட்டினால் அவதூறுக்குச் சிவில் வழக்குப் போடலாம். குற்றவியல் அவதூறு 2002-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம். மணப்பதாகச் சொன்னதை நம்பி உடலுறவுக்கு இணங்கிய கன்னிப் பெண் அதற்கென்று தனியாக நட்டஈடு கேட்கலாம், இதற்கு எழுத்து வாக்குத் தேவையில்லை. பழைய காலத்துப் பார்வை கொண்ட சட்டம். பெண்ணின் சொல்லுக்கு வேறு ஆதாரமும் நீதிமன்றம் தேடும், குறுக்கு விசாரணை கொடுமையாக இருக்கும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போடச் சொல்லி நான் யாரையும் தள்ளுவதில்லை, முடிவு அந்தப் பெண்ணுடையது, தமையனுடையதோ தகப்பனுடையதோ அல்ல. பிள்ளை இருந்தால் தயங்கவே வேண்டாம். 1999-இன் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கலாம், தாய் தகப்பன் மணமாகியிருக்க வேண்டியதில்லை.

மாப்பிள்ளைமீது கனடாவிலேயே வழக்குப் போடுவோம் என்று சில சொந்தக்காரர் யோசனை சொல்வார்கள். ஒன்ராறியோவில் வாக்கு மீறியதற்கான வழக்கே கிடையாது, கலியாணத்தை முன்னிட்டுக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். இங்கிலாந்தும் 1970-இல் அந்த வழக்கை ஒழித்துவிட்டது, நிச்சய மோதிரத்தை முழுக் கொடையாகவே அங்கு கருதுவார்கள். டொலரில் சட்டத்தரணிக் கட்டணம் கட்டி மோதிரமும் கைச்சங்கிலியும் வாங்குவது கணக்குக்கு வராது.

செய்ய வேண்டியது இதுதான். வங்கிச் சிட்டை, நகைப் பில், உறுதியின் பிரதி, அந்தப் போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போய், மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வசதி குறைவென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. சிறிய தொகை என்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும், அது வீண் அலைச்சல் அல்ல, அங்கேயே தீர்ந்துபோகிற விஷயங்கள் பல. காசைத் திருப்பிக் கேட்கும் வழக்குக்கு மூன்று வருடம்தான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "தை பிறக்கட்டும், சித்திரை போகட்டும்" என்று அவர்கள் இழுத்தால் அந்தக் காலமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கடிதம் போனதும் பெரும்பாலும் ஒரு பெரியவர் தூது வருவார். பேசுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் பேசி முடித்ததைத் தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு காசு, எந்த நகை எத்தனை கிராம், எந்தத் திகதி, இரண்டு பக்கமும் கையெழுத்து. அவர்கள் கொண்டுவரும் தாளில் "இனி எவருக்கும் எவர்மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி கட்டாயம் இருக்கும். செக் தந்தார்கள் என்றால், காசு உங்கள் கணக்குக்கு வரும்வரை அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள்.